வீட்டுக்காரர் யாரு?

சாவியக்காவின் கடையைக் கடை என்று சொல்வதே கொஞ்சம் அதிகப்படி. பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் நடைபாதை ஓரமாக ஓர் இரும்பு மேஜை, அதன் மேல் சாவி வெட்டுகிற மிஷின், தலைக்கு மேல் ஒரு பெரிய குடை. அவ்வளவுதான். குடைக் கம்பிகளில் இன்னும் வெட்டாத சாவிகள் கொத்துக் கொத்தாகத் தொங்கும். காற்றடித்தால் கிலுகிலுவென்று சிரிக்கும்.

பூட்டு அவளுக்கு விளையாட்டுச் சாமான் மாதிரி. கம்பியை உள்ளே விட்டு, காதைச் சாய்த்து, யாரோ ரகசியம் சொல்வதைக் கேட்பது போல ஒரு நிமிஷம் நிற்பாள். 'க்ளக்' என்று ஒரு சத்தம் வரும். முடிந்தது வேலை.

ஆனால் தொழிலில் ஒரு கறார் உண்டு. வீட்டுக்காரர் பக்கத்தில் நிற்காமல் எந்தப் பூட்டிலும் கம்பியை விட மாட்டாள். நின்றால் மட்டும் போதாது. "கதவைத் திறந்ததும் முதல்ல என்ன கண்ணுல படும்?" என்று கேட்பாள். செருப்பு ஸ்டாண்டு, ஃபிரிட்ஜ், செத்துப்போன மாமனார் போட்டோ என்று ஆளுக்கு ஒரு பதில் வரும். திறந்ததும் சொன்னபடி இருந்தால் சரி. இல்லையென்றால் கதவைத் திரும்பச் சாத்திவிட்டுப் போலீசைக் கூப்பிடுவாள். அப்படி ஒருத்தனைப் பிடித்தும் கொடுத்திருக்கிறாள். "உன்னை மாதிரி நாலு பேர் இருந்தா ஊர்ல திருட்டே இருக்காதும்மா" என்று அன்றைக்கு ஸ்டேஷனில் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார் இன்ஸ்பெக்டர்.

அதே இன்ஸ்பெக்டர்தான் இன்று உச்சி வெயிலில் ஜீப்பை விட்டு இறங்கி வந்தார். பின்னாலேயே ஏட்டு.

"ஒரு பூட்டு திறக்கணும். பையை எடுத்துக்கிட்டு ஏறு."

"யார் வீடு சார்?"

"வந்தா தெரியுது."

பக்கத்து பூக்கடை அம்மாவிடம் மிஷினைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஏறினாள். ஜீப் சந்து சந்தாகத் திரும்பி ஒரு மாடிக் கட்டடத்தின் முன் நின்றது. படி ஏறும்போதே சாவியக்காவுக்குச் சந்தேகம் தட்டியது. இரண்டாவது மாடிக்கு வந்து, பச்சைக் கதவின் முன்னால் நின்றதும் சந்தேகமே இல்லாமல் போயிற்று. இந்தப் பூட்டைப் போட்டவளே அவள்தான்.

டீச்சர் வீடு.

டீச்சர் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுப்பவள். சாயங்காலம் வீட்டில் டியூஷன். தனியாள். போன வாரம் வரைக்கும் அவளை அந்தத் தெருவைத் தாண்டி யாருக்கும் தெரியாது. ஆற்றின் குறுக்கே கட்டிய புதுப் பாலத்தின் அடியில் கை நுழைகிற அளவுக்கு விரிசல் விட்டிருப்பதைப் படத்தோடு போனில் போட்டாள். திறப்பு விழாவில் வெட்டிய ரிப்பனின் பளபளப்புகூடப் போகாத பாலம் அது. ஊரே அந்தப் படத்தை ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டது. அந்த இடத்துக்குப் போய்ப் படம் எடுக்க பாலத்து வேலையில் இருக்கும் ஆளால்தான் முடியும் என்பது மேலே இருப்பவர்களுக்குப் புரிந்துவிட்டது.

விரிசலை அடைக்க ஒரு கொத்தனாரைக்கூட அனுப்பவில்லை. படம் எடுத்தவனைக் கண்டுபிடிக்க ஜீப்பை அனுப்பிவிட்டார்கள்.

"டீச்சர் இல்லையா சார்?"

"அதான் இந்நேரம் வந்தோம்" என்று ஏட்டு உளறினார். இன்ஸ்பெக்டர் பார்த்த பார்வையில் ஏட்டுக்குத் தொப்பி கழன்று விழாதது அதிசயம்.

"இதோ பாரும்மா" என்று இன்ஸ்பெக்டர் குரலைத் தாழ்த்தினார். "உள்ள போய் கம்ப்யூட்டரை ஒரு பார்வை பார்க்கணும். யார் அந்தப் படத்தை அனுப்பினாங்கன்னு தெரிஞ்சா போதும். வந்த சுவடு தெரியாம வெளிய வந்துடுவோம். நீ மறுபடி பூட்டிட்டுப் போயிடலாம். டீச்சருக்கே தெரியாது."

சாவியக்கா பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை.

"வீட்டுக்காரர் நிக்கணுமே சார்."

"அரசாங்கமே வந்து நிக்குது. இதைவிடப் பெரிய வீட்டுக்காரர் யார் வேணும் உனக்கு?"

"கதவைத் திறந்ததும் முதல்ல என்ன கண்ணுல படும்னு அரசாங்கத்துக்குத் தெரியுமா சார்?"

ஏட்டு சட்டென்று திரும்பிச் சுவரைப் பார்த்து இருமினார். அது இருமல் இல்லை என்று சுவருக்கே தெரியும்.

"வாய் நீளுதே! நாங்க என்ன திருடங்களா?"

"நான் அப்படிச் சொல்லலையே சார். கோர்ட்டு ஆர்டர் இருந்தா காட்டுங்க, திறந்துடறேன்."

"எல்லாம் ஆபீஸ்ல இருக்கு."

"ஆபீஸ்ல இருக்கிற ஆர்டர் ஆபீஸ் கதவைத்தானே சார் திறக்கும்?"

இன்ஸ்பெக்டரின் கழுத்து நரம்பு புடைத்தது. ஆனாலும் அடக்கிக்கொண்டார். காரியம் ஆக வேண்டுமே. "யோவ், கீழ போய் வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாய்யா" என்று ஏட்டை விரட்டினார்.

கட்டடத்தின் சொந்தக்காரர் கீழ்த் தளத்தில்தான் குடியிருந்தார். பனியனோடு, சாப்பிட்ட கை காயாமல் மேலே வந்தார். போலீஸ் தொப்பியைப் பார்த்ததும் அந்தக் கையாலேயே ஒரு சலாம் வைத்தார்.

"இந்தா, வீட்டுக்காரர். போதுமா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"இவர் கட்டடத்துக்குச் சொந்தக்காரர் சார். வீட்டுக்காரர் டீச்சர்தான்."

"என்னம்மா பேசறே?" சொந்தக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. "செங்கல் செங்கலா நின்னு நான் கட்டின வீடு!"

"இல்லேங்கல ஐயா. வாடகைக்கு விட்ட பிறகு நீங்க நினைச்சா நினைச்ச நேரத்துல பூட்டைத் திறந்து உள்ள போவீங்களா?"

"அதெப்படி? பொம்பளைப் புள்ளை இருக்கிற வீடு. போன மாசம் குழாய் ஒழுகுதுன்னு ஆளைக் கூட்டிட்டு வந்தப்போகூட, டீச்சர் வர்ற வரைக்கும் இதே வாசல்லதானே நானும் பிளம்பரும் நின்னோம்..."

சொல்லி முடிப்பதற்குள் இன்ஸ்பெக்டரின் முகத்தைப் பார்த்துவிட்டார். "அடுப்புல பால் வெச்சிருக்கேன்" என்று யாருக்கோ சொல்வது போலச் சொல்லிவிட்டுப் படியிறங்கினார். போகிற வேகத்தில் வேட்டி தடுக்கியது.

எதிர் வீட்டில் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்த தையல் மிஷின் அப்போது நின்றது. கதவு ஒரு விரற்கடை திறந்தது. உள்ளே தையல்காரம்மாவின் ஒரு கண்ணும், காதில் வைத்த போனும் தெரிந்தன.

இன்ஸ்பெக்டருக்கு அதைக் கவனிக்க நேரமில்லை. அவர் முகத்தில் புதிதாக ஒரு வெளிச்சம் வந்திருந்தது.

"வீட்டுக்காரர்தானே வேணும் உனக்கு? வீட்டுக்காரர்! கொண்டாந்து நிறுத்தறேன் பார்" என்றவர் போனை எடுத்தார். "யோவ் ரைட்டர், அந்த டீச்சரம்மாவோட வீட்டுக்காரர் எங்க வேலை பார்க்கிறார்? பிரிஞ்சிருந்தா என்னய்யா, புருஷன் புருஷன்தானே? உடனே வண்டியில ஏத்தி அனுப்பு."

சாவியக்காவுக்குச் சுரீர் என்றது. நல்லதுக்காகச் சொன்ன சொல்லை அவர் திருகி, கள்ளச் சாவியாக்கிவிட்டாரே! வீட்டுக்காரர் என்று ஒரே சொல்லை நாம் எத்தனை பேருக்குத்தான் வைத்திருக்கிறோம்! வீடு கட்டினவன் வீட்டுக்காரர், தாலி கட்டினவன் வீட்டுக்காரர். உள்ளே உட்கார்ந்து சமைத்துச் சாப்பிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறவளுக்கு மட்டும் அந்தப் பேர் கிடையாதா?

அவள் போன் அடித்தது. அவளுடைய வீட்டுக்காரர். லாரி ஷெட்டில் மெக்கானிக். செய்தி அதற்குள் அங்கே போய்விட்டது.

"ஏண்டி, போலீஸ் ஜீப்ல போனியாமே? என்ன விஷயம்?"

சொன்னாள்.

"திறந்து விட்டுட்டு வந்து சேர வேண்டியதுதானே? பெரிய இடத்து விவகாரம். நம்ம வீட்டுப் பூட்டா அது?"

"நம்ம வீட்டுப் பூட்டா இருந்தா திறந்து விட்டுடுவீங்களா?"

"அதெப்படி? நம்ம வீட்டுக்குள்ள நாம இல்லாதப்போ எவனோ ஒருத்தன்..." என்று ஆரம்பித்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"அதேதாங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

டீச்சரின் புருஷன் வந்து சேர்ந்தார். தேய்த்த சட்டை, சென்ட் வாசனை. படி ஏறி வந்த தோரணையைப் பார்த்தால் மாப்பிள்ளை அழைப்புக்கு வந்தவர் மாதிரி இருந்தது. பச்சைக் கதவை ஏற இறங்கப் பார்த்தார். "ஓகோ, இங்கதான் இருக்காளா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வி சாவியக்காவைச் சுட்டது. இவ்வளவு நாள் டீச்சர் இந்த ஆளிடமிருந்து மறைத்து வைத்திருந்த விலாசம். அதைப் போலீஸ் ஜீப்பே கூட்டிக்கொண்டு வந்து காட்டிக் கொடுத்துவிட்டது.

"இவர்தான் வீட்டுக்காரர். சட்டப்படி இன்னும் புருஷன். திற" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஆமா, நான்தான் வீட்டுக்காரன். திறம்மா" என்றார் புருஷன்.

"திறந்ததும் முதல்ல என்ன சார் கண்ணுல படும்?"

"என்ன... சோஃபா!"

"சோஃபாவா? தரையில பாய் விரிச்சு டியூஷன் எடுக்கிற வீடு சார் இது." சாவியக்கா இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினாள். இப்போது அவள் குரல் தெருவுக்கே கேட்கும் போலிருந்தது. "இந்தப் பூட்டை நான் ஏன் போட்டேன்னு தெரியுமா சார் உங்களுக்கு? 'அக்கா, என் புருஷன் வெச்சிருக்கிற எந்தச் சாவிக்கும் திறக்காத பூட்டா போடுங்க'ன்னு அந்தப் பொண்ணு என் கையைப் புடிச்சுக்கிட்டுக் கேட்டா. அடி வாங்கித் தப்பிச்சு வந்தவ. அப்ப ஸ்டேஷனுக்கு வந்து புகார் குடுத்தாளே, என்ன சொன்னீங்க? குடும்ப விஷயம், நாங்க உள்ள வர முடியாதுன்னு சொன்னீங்க. அன்னைக்கு உள்ள வர முடியாத வீட்டுக்குள்ள இன்னைக்கு மட்டும் எப்படி சார் வர முடியுது?"

மாடிப்படியில் நாலைந்து தலைகள் முளைத்திருந்தன. தையல்காரம்மாவின் கதவு முழுசாகத் திறந்துவிட்டது.

"ஏய்!" இன்ஸ்பெக்டர் லத்தியைக் கதவில் ஒரு போடு போட்டார். "போனாப் போகுதுன்னு பார்த்தா ஏறிக்கிட்டே போறே! நீ திறக்கலைன்னா உடைச்சுக்கிட்டு உள்ள போவேன். தெரியும்ல?"

"உடைங்க சார்."

யாருமே இதை எதிர்பார்க்கவில்லை. ஏட்டுகூடத் திரும்பிப் பார்த்தார்.

"உடைங்க. உங்க கையில லத்தி இருக்கு, கால்ல பூட்ஸ் இருக்கு. கதவு என்ன இரும்பா? ஆனா நீங்க உடைக்க மாட்டீங்க. உடைச்சா ஊருக்குத் தெரியும். யார் உடைச்சது, யார் சொல்லி உடைச்சதுன்னு கேள்வி வரும். அதிகாரம் இருக்கிறவங்க உடைக்கலாம் சார். அது இல்லாததாலதான் சத்தம் போடாம திறக்க என்னைக் கூட்டிட்டு வந்திருக்கீங்க. சத்தமில்லாம திறக்கணும்னு சொன்ன ஒருத்தனைத்தான் நான் உங்ககிட்டப் புடிச்சுக் குடுத்தேன். நீங்களும் டீ வாங்கிக் குடுத்தீங்க!"

லத்தி அப்படியே நின்றது. இன்ஸ்பெக்டர் அவள் பக்கமாகக் குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு பேசினார்.

"நடைபாதையில கடை வெச்சிருக்கேல்ல? யார் அனுமதி குடுத்தா?"

"நகராட்சி."

"குடுத்த கை எடுக்காதா?"

அவளுக்கு அந்த மேஜைதான் சோறு போடுகிறது. ஒரு வார்த்தை சொல்லாமல் பையை இறக்கி, கம்பியை எடுத்து, ஒரு 'க்ளக்'கோடு முடித்துவிடலாம். பாலத்தடியில் படம் எடுத்த அந்த முகம் தெரியாத ஆள் யாரோ, எவரோ. ஆனால் அவனுக்கும் ஒரு வீடும் ஒரு கதவும் இருக்குமே! இன்றைக்கு இதைத் திறந்தால் நாளைக்கு அதைத் திறப்பதற்கும் இவளைத்தான் கூப்பிடுவார்கள்.

பையின் வாரை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"தள்ளுங்க, தள்ளுங்க" என்று கீழேயிருந்து குரல் கேட்டது. டீச்சர் மூச்சிரைக்க ஓடி வந்தாள். கையெல்லாம் சாக்பீஸ் தூள். புருஷனைப் பார்த்ததும் ஒரு படி பின்வாங்கினாள். தையல்காரம்மா வெளியே வந்து அவளுக்கும் அந்த ஆளுக்கும் நடுவில் நின்றுகொண்டாள். கையில் துணி வெட்டுகிற கத்தரிக்கோல். வேண்டுமென்று எடுத்து வந்தாளா, கீழே வைக்க மறந்தாளா என்று கேட்கிற தைரியம் யாருக்கும் இல்லை.

"நீங்களே வந்துட்டீங்களா? நல்லதாப் போச்சு. கதவைத் திறங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

"வாரண்ட் காட்டுங்க சார்."

"மறைக்க ஒண்ணும் இல்லைன்னா திறக்க வேண்டியதுதானேம்மா?"

"மறைக்க ஒண்ணும் இல்லாதவங்களும் குளிக்கும்போது கதவைச் சாத்திக்குவாங்க சார்."

படியில் யாரோ கைதட்டினார்கள். இன்ஸ்பெக்டர் அந்தப் பக்கம் திரும்பினார். கைகள் எல்லாம் பாக்கெட்டுக்குள் போய்விட்டன.

"அரசியல் சட்டம், உரிமை, அது இதுன்னு ஆரம்பிக்காதீங்க. நாட்டுப் பாதுகாப்பு விஷயம் இது."

"பாலம் இடிஞ்சா எத்தனை பேர் சாவாங்க? அது எந்தப் பாதுகாப்புல சார் வருது?" பின்வாங்கிய படியை டீச்சர் மறுபடி ஏறினாள். "திருடனுக்குப் பயந்து யாரும் அரசியல் சட்டம் எழுதலை சார். திருடனுக்குப் பூட்டு போதும். எந்தப் பூட்டையும் திறக்கச் சொல்ற அதிகாரம் இருக்கிறவங்களுக்காகத்தான் அதை எழுதி வெச்சிருக்காங்க. கோர்ட்டுல போய் ஏன் தேடணும்னு காரணம் சொல்லுங்க. ஜட்ஜ் கையெழுத்துப் போட்டுக் குடுத்தா கொண்டு வாங்க. நானே திறந்து, உட்காரப் பாய் போடறேன்."

இன்ஸ்பெக்டர் தொப்பியை இழுத்துச் சரிசெய்துகொண்டு இறங்கினார். புருஷன் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். ஏட்டுதான், "நீங்களும் கிளம்புங்க சார். மாப்பிள்ளை அழைப்பு முடிஞ்சது" என்று அவரைத் தள்ளிக்கொண்டு போனார்.

அவர்கள் போனதும் டீச்சர் அந்தப் பச்சைக் கதவில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். "விலாசம் தெரிஞ்சு போச்சேக்கா" என்றாள். சாவியக்கா தான் போட்ட பூட்டையே பார்த்தாள். எந்தப் பூட்டைப் போட்டு அதை மறுபடி மூடுவது? தையல்காரம்மாதான், "ராத்திரிக்கு என் வீட்டுல படுத்துக்க. என் மிஷின் சத்தத்துக்கு எந்தப் புருஷனும் கிட்ட வர மாட்டான்" என்றாள்.

கோர்ட்டு உத்தரவோடு போலீஸ் மறுபடி வரவே இல்லை. கேட்கப் போனால் 'எதற்கு?' என்று ஜட்ஜ் கேட்பாரே! பாலத்தில் விரிசல் இருக்கிறது, அதைச் சொன்னவனைப் பிடிக்க வேண்டும் என்று எந்த வாயால் சொல்வது?

ஆனால் மறுநாள் காலையில் சாவியக்கா பஸ் நிறுத்தத்துக்கு வந்தபோது அங்கே மேஜை இல்லை. குடை இல்லை. மிஷின் இல்லை. நடைபாதையில் நாலைந்து வெற்றுச் சாவிகள் மிதிபட்டுக் கிடந்தன. "விடியக்காலையில லாரியில வந்து அள்ளிட்டுப் போயிட்டாங்க. யாருன்னு கேட்டேன், 'மேலிடத்து உத்தரவு'ன்னாங்க" என்றாள் பூக்கடை அம்மா.

நேற்று 'திறந்து விட்டுட்டு வா' என்று சொன்ன மெக்கானிக், கிரீஸ் கையோடு ஓடி வந்தார். "எவன்டி அவன், நம்ம மிஷினைத் தொட்டது? வா, கேட்டுடலாம்!"

இருவரும் நகராட்சி ஆபீசுக்குப் போனார்கள். அங்கிருந்த அதிகாரி ரொம்ப மரியாதையாகப் பேசினார். காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ் கொடுக்கவில்லையாம். அனுமதியை ரத்து செய்யவில்லையாம். லாரி அனுப்பவில்லையாம். "யார் எடுத்தாங்கன்னே எங்களுக்குத் தெரியாதும்மா" என்று கையை விரித்தார். மெக்கானிக் மேஜையைக் குத்தப் போனார். சாவியக்கா அவர் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தாள்.

"என்னை ஏண்டி தடுத்தே?"

"அவர் சொன்னதைக் கேட்டீங்கல்ல? யார் எடுத்தாங்கன்னே தெரியாதாம். வாங்க, ஸ்டேஷனுக்கு."

"ஸ்டேஷனுக்கா? அங்கயா?"

"பின்ன? திருட்டுப் புகாரை வேற எங்க குடுக்கிறது?"

இன்ஸ்பெக்டர் அவளைப் பார்த்ததும் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். உதட்டில் ஒரு சிரிப்பு. மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறாள் என்று நினைத்திருப்பார்.

"என்னம்மா, கடையைக் காணோமாமே?"

"ஆமா சார். திருட்டுப் போயிடுச்சு. மேஜை, மிஷின், குடை எல்லாம். எழுதிக்குங்க."

சிரிப்பு கொஞ்சம் இறங்கியது. "திருட்டா? உத்தரவு போட்டு எடுத்திருப்பாங்க."

"நகராட்சியில கேட்டுட்டுத்தான் சார் வர்றேன். நோட்டீசும் இல்ல, உத்தரவும் இல்ல. ஒருத்தரோட பொருளை எந்த உத்தரவும் இல்லாம, அவங்க இல்லாத நேரமாப் பார்த்து அள்ளிக்கிட்டுப் போனா அதுக்கு உங்க ஊர்ல என்ன சார் பேரு? எங்க ஊர்ல திருட்டுன்னு சொல்லுவோம்."

"புகாரெல்லாம் வாங்க முடியாது, போ."

"முடியாதுன்னு எழுதிக் குடுங்க. கோர்ட்டுல காட்டிக்கறேன். டீச்சர் ஒரு வக்கீலைப் பார்த்து வெச்சிருக்காங்க."

அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். பக்கத்தில் மெக்கானிக்கும் உட்கார்ந்தார். வாசலில் பூக்கடை அம்மா, தையல்காரம்மா, அவர்களுக்குப் பின்னால் பஸ் நிறுத்தத்து முகங்கள். யாரோ போனைத் தூக்கிப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ரைட்டர் பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக இன்ஸ்பெக்டர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். புகாரை வாங்கினால் எடுத்தவனைத் தேட வேண்டும். வாங்காவிட்டால் ஏன் வாங்கவில்லை என்று சொல்ல வேண்டும்.

இன்ஸ்பெக்டர் கர்சீப்பால் கழுத்தைத் துடைத்தார். பிறகு யாரையும் பார்க்காமல் ஏட்டிடம் உறுமினார்.

"யோவ், அவ மிஷினைக் கொண்டாந்து இருந்த இடத்துலயே போடச் சொல்லுய்யா!"

ஏட்டு நகர்வதற்குள் சாவியக்கா எழுந்து நின்றாள்.

"யார்கிட்ட சார் சொல்லச் சொல்றீங்க? திருடன் யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"